சிவப்பு நூல் சுற்றிய கோள்

"அந்தக் கோள்ல நிக்கத் தரையே இருக்காதா?"

"இருக்காது ஆன்டி. முழுக்க கேஸ். இறங்க ஆரம்பிச்சா இறங்கிட்டே இருக்கணும். ஜூப்பிட்டர் மாதிரிதான், ஆனா அதைவிடப் பெரிசு."

"கறுப்பா இருக்கும்னியே?"

"கரியைவிடக் கறுப்பு லா. நம்ம சூரியன் இல்ல, அதுக்குன்னு வேற சூரியன் இருக்கு, அதுக்கு ரொம்பப் பக்கத்துல சுத்துது. அவ்ளோ வெளிச்சம் மேல விழும், ஆனா திருப்பித் தராது. எல்லாத்தையும் முழுங்கிடும். சூடு வேற. அதனால அடுப்புக் கங்கு மாதிரி லேசா செவப்பு தெரியும்னு படிச்சேன். அதுக்குத்தான் செவப்பு நூல் சுத்துனேன்."

கோப்பையில் மைலோ பானத்தைக் கலக்கிக்கொண்டிருந்த இராஜம்மாவின் கை நின்றது.

"எலுமிச்சம்பழம் எதுக்கு?"

கேட்ட பிறகுதான் உறைத்தது, எதிர்வீட்டு ஷாமினி இதுவரை எலுமிச்சம்பழத்தைப் பற்றிச் சொல்லவே இல்லை என்பது. ஆனால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அது தோன்றவில்லை. தான் செய்ததை உலகமே பார்த்திருக்கும் என்கிற நினைப்பில் இருந்தாள்.

"அதான் ஆன்டி அந்தச் சூரியன்! வீட்டுல மஞ்சப் பந்து இல்ல. சத்தே கறி குத்துற குச்சியில குத்தி நிக்க வெச்சேன்."

இராஜம்மா கோப்பையை அவள் முன்னால் வைத்துவிட்டு, துடைத்த மேசையையே மறுபடியும் துடைத்தாள்.

நேற்றுக் காலை கதவைத் திறந்தபோது அது வாசலை ஒட்டிக் கிடந்தது. கிள்ளானில் இந்த அடுக்குமாடியில் காலை வெயில் அவள் வாசல் பக்கம்தான் விழும். சாயம் காய்வதற்காக எதிர்வீட்டுப் பிள்ளை அங்கே வைத்திருப்பாள் என்று நினைக்க அந்த நேரத்தில் மனசுக்கு வழியில்லை. கறுப்பு உருண்டை, சிவப்பு நூல், குச்சி குத்திய எலுமிச்சை. போன மாதம்தான் மகன் கிஷன் மோட்டார் சைக்கிளோடு லோரிக்கு அடியில் போய், காலில் இரும்பு வைத்து, உள்ளறையில் படுத்திருந்தான். யாரோ செய்வினை செய்துவிட்டார்கள் என்று அன்றிலிருந்தே உள்ளுக்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தவள், பார்த்தவுடன் நம்பினாள். உப்பும் மஞ்சள் தண்ணீரும் தெளித்து, கையில் உறை மாட்டி, எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் அள்ளிக்கொண்டு ஆற்றுப் பாலத்துக்கு நடந்தாள். அவ்வளவு பெரிய உருண்டைக்குக் கனமே இல்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. ஓடுகிற தண்ணீரில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்க்கவில்லை. அன்று மத்தியானம் பல நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினாள்.

இதைச் சொல்லிவிடலாம். பிள்ளை அழும், அவள் அம்மா லோகேஸ்வரி கத்துவாள், பிறகு சிரித்துக்கூட விடுவார்கள். ஆனால் வாசலில் குனிந்து பார்த்த அந்த முதல் நொடியில் அவள் வாய்க்கு வந்த பெயர் லோகேஸ்வரியுடையது. காரை மறித்து நிறுத்தியதற்காக ஒருநாள் இரண்டு பேரும் வார்த்தை விட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான். அதற்கு மறுநாளே லோகேஸ்வரி வேலைக்குப் போகிற அவசரத்தில், "அக்கா, புள்ளைய கொஞ்சம் பாத்துக்குங்க" என்று சாவியை நீட்டினாள். தன் பிள்ளையை நம்பி விட்டுப் போகிறவளைப் பற்றித்தான் இவள் அப்படி நினைத்தாள். உருண்டையை எடுத்தது நான்தான் என்றால், ஏன் எடுத்தாய் என்று கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பொய் சொல்லலாம். குப்பை என்று நினைத்தேன் எனலாம். குப்பைக்கு யாராவது வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்களா?

"நாளைக்கு எக்ஸிபிஷன்," என்றாள் ஷாமினி, மைலோ மீசையோடு. "டீச்சர்கிட்ட காணோம்னு சொன்னா நம்ப மாட்டாங்க. மத்தவங்க எல்லாம் சனிக்கோள் செய்றாங்க, வளையத்தோட. இது யாருமே செய்யல."

"இன்னொன்னு செஞ்சிடலாம்மா. ஆன்டி பேப்பர் கிழிச்சுத் தரேன்."

"காய ரெண்டு நாள் ஆகும். பரவால்ல ஆன்டி. யாரு எடுத்தாங்கன்னு அம்மாவுக்குத் தெரியும். கீழ அபார்ட்மெண்ட் ஆபீஸ்ல கம்ப்ளெயின் பண்ணிட்டாங்க."

"யாரு?"

"கூட்டுற தாத்தா."

இராஜம்மா அப்படியே உட்கார்ந்தாள். உள்ளறையிலிருந்து கிஷன் தண்ணீர் கேட்டான். போய்க் கொடுத்தாள். தலையணையைச் சரி செய்தாள். தேவையில்லாமல் ஜன்னல் திரையை இழுத்தாள். "என்னம்மா, ஒரு மாதிரி இருக்கீங்க?" என்றான். "ஒண்ணுமில்லடா" என்றாள். இவன் காலுக்காகத்தான் என்று இவனிடமாவது சொல்லலாம். அவன் சிரிப்பான். சிரித்துச் சிரித்து ஊருக்கெல்லாம் சொல்வான்.

கதவு தட்டப்பட்டது. ரெங்கசாமி. கொரிடோர் கூட்டுகிறவர், ஆனால் கையில் துடைப்பம் இல்லை. சட்டையை உள்ளே விட்டு, தலையை நனைத்துச் சீவியிருந்தார். ஷாமினி நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்து, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஆபீஸ்ல வரச் சொல்லியிருக்காங்க," என்றார் அவர், பிள்ளையின் பக்கம் பார்க்காமல். "இன்னியோட நின்னுக்கன்னு சொல்லிடுவாங்க போல. ஏற்கெனவே யாரோ செருப்பு காணோம்னு என் தலையில கட்டுனாங்க. இந்த வயசுல வேற எவன் வேலை குடுப்பான், சொல்லுங்க."

"உக்காருங்க அண்ணே. காப்பி போடவா?"

"நேரமில்லைம்மா."

மேலே வந்திருந்த லிஃப்டை விட்டுவிடாமல் இரண்டு எட்டு பின்னால் போய் ஒரு காலை அதன் வாசலில் ஊன்றினார். கதவு மூட வந்தது, அவர் செருப்பில் முட்டியது, திறந்தது. மறுபடியும் வந்து முட்டியது. உள்ளே மணி விடாமல் அடித்தது.

"நேத்து நான் கூட்ட வரும்போது எதிர்ல பையோட போனீங்க. நீங்க ஒருத்தர்தான் அந்நேரம் வெளிய இருந்தீங்க. கொரிடோர்ல அப்ப ஒண்ணுமே இல்லன்னு, கீழ வந்து ஒரு வார்த்தை சொல்றீங்களாம்மா?"