கடல் மேல் போட்ட பழி

என் மச்சினன் ரோச்சுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஊர் பேசியபோது, பேசிய வாய்களில் உப்பை அள்ளிப் போடலாம் போல இருந்தது எனக்கு. தூத்துக்குடித் தோணிக்காரன் ஒருவனைப் பற்றி அப்படிச் சொல்வதும் அவன் மானத்தை வாங்குவதும் ஒன்றுதான்.

அது நாற்பத்தாறாம் வருஷம். ராஜதுரை அண்ணாச்சியின் பாய்மரச் சரக்குத் தோணியில் நான் பண்டாரி, அதாவது சமையல்காரன். ரோச் சுக்கான் பிடிப்பவன். கொழும்புக்கு வெங்காயம் ஏற்றிப் போவோம். தோணியை நடத்திய பழைய தண்டல் கண் மங்கி இறங்கிவிட்டார். காற்று, நீரோட்டம் எல்லாம் ரோச்சுக்கு அத்துப்படி. அந்த இடம் அவனுக்குத்தான் வரவேண்டும். ஆனால் புறப்பட்ட இரண்டாம் நாள் அவன் முகம் செக்கச்செவேலென்று சிவக்கும். மேல்வயிறு எரியும். குடித்த தண்ணீர்கூட நிற்காமல் வாந்தி எடுத்துப் படுத்துவிடுவான்.

"நடுக்கடல்ல படுக்குதவன நம்பி எப்படிலே தோணியக் குடுப்பேன்?" என்றார் அண்ணாச்சி. அவர் கேட்டதிலும் தப்பில்லை.

கடல் மயக்கத்துக்கு எங்கள் தோணியில் ஒரு வைத்தியம் உண்டு. சுட்ட கருவாட்டை வாயில் அடக்கச் சொல்லி, மேலெல்லாம் தேங்காய் நாரால் தேய்த்து, ஒரு மடக்குச் சாராயம் கொடுப்போம். ரோச்சுக்கு அதை நானே செய்தேன். சின்ன வயதிலிருந்தே அவன் உடம்பில் பழுப்புப் புள்ளிகள் உண்டு. தேய்க்கத் தேய்க்க அவை தடித்துச் சிவந்து எழும்பின. வாந்தி கூடியது. வைத்தியம் போதவில்லை என்று நான் இன்னும் அழுத்தித் தேய்த்தேன். அந்தப் பாவத்தை நினைத்தால் இன்றும் கை கூசுகிறது.

கடைசியில் டாக்டர் ஜீவமணியிடம் அழைத்துப் போனேன். அவர் ஒரு புள்ளியின் மேல் பென்சிலின் மழுங்கிய முனையால் கோடு இழுத்துவிட்டுக் காத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் அது தடித்தது.

"தோல்ல சில அணுக்கள் கூடுதலா இருக்கு. சீண்டினா இப்படித்தான் பொங்கும். வயித்துலயும் இதே கோளாறுதான்னு நினைக்கேன். ஒழிக்க மருந்து கிடையாது. எது சீண்டுதுன்னு தெரிஞ்சா சமாளிக்கலாம்" என்றார். வயிற்று வலிக்கு ரோச் குடித்துவந்த அபின் கலந்த மருந்தும் சீண்டும் என்று அதை நிறுத்தச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். "கடல்ல என்ன சாப்பிடுதான்?"

"என் சமையலையா குத்தம் சொல்லுதிய?" என்று எழுந்துவிட்டேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல்.

டாக்டர் சொன்னது பொய் என்று காட்டவே அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அடுப்பு மூட்டினேன். வீட்டில் ரோச் அன்றாடம் தின்பது கரைக்கு வந்த பச்சை மீன். அன்று தோணியில் இரண்டாம் நாளிலிருந்து நான் வைக்கும் அதே கருவாட்டுக் குழம்பை, அதே மாசிக் கருவாட்டுத் தூள் போட்டு வைத்தேன். ரசித்து இரண்டு தட்டுச் சாப்பிட்டான்.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை. முகம் சிவந்தது. புள்ளிகள் எழும்பின. வயிற்றைப் பிடித்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினான். தரை ஆடவில்லை, அலை அடிக்கவில்லை, ஆனால் தோணியில் வரும் அதே வாந்தி.

"ஏசுவே! கடலு வீட்டுக்குள்ள வந்துட்டா?" என்று அலறினாள் என் மனைவி அந்தோணியம்மாள், அவனுடைய அக்காள்.

"கடல் இல்லளா. நான்தான்" என்றேன்.

ரோச் வாயைத் துடைத்தான். கண்ணில் நீர் வழிய, அந்தப் பாவி சிரித்தான். "அத்தான், எனக்குக் கடல் ஒத்துக்கிடும்!"

பிறகு இரண்டு மாதம் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பிடித்த உடனே வேகவைத்த மீன் சேர்ந்தது. அதையே வெயிலில் மதியம் வரை போட்டு வைத்தால் சேரவில்லை. சாராயமும் புளித்த காடியில் போட்ட ஊறுகாயும் விலக்கு. வயிறு முட்டத் தின்றால் எரிச்சல். அதனால் கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஐந்து வேளை. டாக்டர் சொன்ன அளவில் சோடா உப்பு. தலைமாட்டை உயர்த்திப் படுக்கை. மேலுக்கு மெல்லிய துணி, நார் கிட்டவே வரக்கூடாது. நோய் போகவில்லை. ஆனால் அதன் குணம் எங்களுக்குப் பிடிபட்டுவிட்டது.

அண்ணாச்சியின் காலில் விழாத குறையாகக் கேட்டேன். "ஒரு நடை தாரேன். படுத்தான்னா அடுத்த நடைக்குப் பொன்னுதுரைதான் தண்டல்" என்றார்.

தண்டல் இடத்தின் மேல் கண் வைத்திருந்த பொன்னுதுரையும் அதே தோணியில்தான் வந்தான். "பண்டாரி, தண்டலுக்குத் தாய்ப்பாலும் எடுத்துக்கிட்டியளா?" என்று கிண்டல் வேறு. கையில் இருந்த கரண்டியைக் கஞ்சிப் பானைக்குள் விட்டேன்; இல்லாவிட்டால் அதுதான் பேசியிருக்கும்.

இரண்டாம் நாள் தோணிக்குப் பின்னால் தூண்டில் விட்டு ஒரு பாறை மீன் பிடித்தேன். துள்ளத் துள்ள அறுத்து, உப்பும் மஞ்சளும் போட்டு வேகவைத்துக் கொடுத்தேன். ரோச் நிமிர்ந்து நின்றான். மூன்றாம் நாள் காற்றே இல்லை, தூண்டிலிலும் ஒன்றும் விழவில்லை. மற்றவர்களுக்குக் கருவாடு மணத்தது. ரோச் சட்டியைப் பார்த்து எச்சில் விழுங்கிவிட்டு, தேங்காய்த் துண்டைக் கடித்துக்கொண்டு கஞ்சி குடித்தான்.

நான்காம் நாள் விடிந்ததும் காற்று பேயாக அடித்தது. தோணி ஒரு பக்கம் சாய்ந்து தண்ணீரை அள்ளியது. ரோச் சுக்கானை விடவில்லை. ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அவன் வாயில் கஞ்சி ஊற்றினேன். எரிச்சல் வந்தபோது சோடா உப்புக் கேட்டு வாங்கிக் குடித்தான். மதியம் வரை பத்து உயிர்கள் அவன் கையில் இருந்தன. பாய்மரத்தடியில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்த பொன்னுதுரை தலையைத் தூக்கிக் கத்தினான்:

"தண்டலே! பாய இறக்கட்டா?"

ரோச்சை ஒருவன் கிண்டல் இல்லாமல் அப்படிக் கூப்பிட்டது அன்றுதான். "பாதி இறக்கு!" என்றான் அவன், பிறந்ததிலிருந்தே தண்டலாக இருந்தவனைப் போல.

கொழும்பில் சரக்கு இறக்கித் திரும்பியபோது அண்ணாச்சி கரையிலேயே காத்திருந்தார். என்னிடம் கேட்கவில்லை, நேரே பொன்னுதுரையிடம் கேட்டார்: "உள்ளதச் சொல்லுலே. படுத்தானா?"

"படுத்தான் அண்ணாச்சி" என்றான் பொன்னுதுரை. நான் அவனை நோக்கி ஓர் எட்டு வைத்தேன். "கொழும்புல தோணியக் கட்டுன பொறவு படுத்தான். அதுவரைக்கும் நாங்கதான் படுத்துக் கெடந்தோம்."

அண்ணாச்சி ரோச்சின் தோளில் கைவைத்தார். "இனிமே இது ஒன் தோணிலே, தண்டல்" என்றார்.

நான் எல்லோர் முன்னாலும் அழுதேன். வெட்கமாக இல்லை. ரோச் என் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"அத்தான், பசிக்குது."

கடலிலிருந்து வந்து அவன் அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை.