குன்னத்துக் கிணறுகளைக் குடித்த லாரி

அய்யம்பெருமாளின் டீசல் லாரி விட்ட வெள்ளைப்புகை, குன்னத்திலிருந்து அரியலூர் ரயிலடி வரைக்கும் சாலை மேலேயே மாதக்கணக்கில் கலையாமல் கிடந்தது. காற்று அடித்தால் கொஞ்சம் ஓரமாக ஒதுங்கும், காற்று நின்றதும் பழைய இடத்துக்கே வந்து படுத்துக்கொள்ளும். மாட்டு வண்டிக்காரர்கள் பட்டப்பகலில் வண்டிக்கு அடியில் லாந்தரைத் தொங்கவிட்டுக்கொண்டு போனார்கள். புகைக்குள் நுழைந்த மாடுகள் மறுபுறம் தொப்பலாக நனைந்து வெளியே வந்தன. சுதந்திரம் வந்ததற்கு அடுத்த வருஷம் அது. வெங்காயம் விலை ஏறியிருந்தது, மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை, மழை பொய்த்திருந்தது. ஒரு புகையைப் பற்றி உட்கார்ந்து பேச யாருக்கும் நேரமில்லை.

லாரி ராணுவ ஏலத்தில் வந்தது. சண்டைக்குப் போய் அடிபட்ட வண்டி, மலிவாகக் கிடைக்கிறது என்று அய்யம்பெருமாள் இருந்த மானாவாரி நிலத்தை விற்று அதை வாங்கினார். மனைவி மருதாயி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். நிலம் வைத்திருந்து மட்டும் என்னத்தைக் கண்டோம் என்று அவர் கேட்ட கேள்விக்கு அந்த ஊரில் பதில் கிடையாது. குன்னத்து வெங்காயத்தையும் பருத்தியையும் ஏற்றி அரியலூர் ரயிலில் சேர்ப்பதுதான் வேலை. முதல் நடையிலேயே புகை ஆரம்பித்துவிட்டது.

ரயிலடிக்குப் பக்கத்தில் பட்டறை போட்டிருந்த சவரிமுத்து, வரதராசன்பேட்டைக்காரர், சண்டைக்காலத்தில் ராணுவப் பட்டறையில் வேலை பார்த்தவர். ஸ்பேனரைவிட வாய்தான் அதிகம் ஓடும். எஞ்சின் சூடேறினால் புகை நின்றுவிடும் என்றார், நிற்கவில்லை. டீசல் பீய்ச்சும் நாசிலைக் கழற்றித் துடைத்தார். டீசல் பம்ப்பைத் திருப்பி வைத்துப் பார்த்தார். பிஸ்டன் ரிங் போயிருக்கும் என்று சத்தியம் செய்து ரிங் மாற்றினார். பிறகு ஹெட் கேஸ்கட் என்று அடித்துச் சொன்னார். கேஸ்கட் போனால் ரேடியேட்டரில் தண்ணீர் குறையும், குமிழி வரும், எஞ்சின் ஆயில் பால்விட்ட டீ மாதிரி வெளுக்கும். ஆயில் கறுப்பாகவே இருந்தது. ரேடியேட்டரோ ஊற்றிய மட்டத்திலிருந்து ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை.

வேறு வழியில்லாமல் சவரிமுத்து புகைக்குழாயில் உள்ளங்கையை வைத்தார். வேகாத டீசல் புகையாக இருந்தால் கண் எரியும், நாறும். இது எரியவில்லை, நாறவில்லை. கை நனைந்து முழங்கை வரைக்கும் சொட்டியது. "தண்ணிதாண்ணே. ஆனா வண்டித் தண்ணி இல்ல. எங்கேருந்துதான் வருதுன்னு அந்த மாதாவுக்குத்தான் வெளிச்சம்" என்றார். அய்யம்பெருமாள் அவர் கையிலிருந்து ஒரு சொட்டைத் தொட்டு நாக்கில் வைத்தார். லேசான உப்பு, அடியில் சுண்ணாம்புக் கரிப்பு. பிறந்ததிலிருந்து குடித்த ருசி மறந்தா போகும்?

"இது எங்க வூட்டுக் கெணத்துத் தண்ணி சவரி" என்றார்.

ஊருக்கு வந்து கேட்டால், லாரி கிளம்பும் ஒவ்வொரு நாளும் கிணற்றுக் கயிற்றுக்கு இன்னும் கொஞ்சம் கயிறு முடிய வேண்டியிருக்கிறது என்று மருதாயி சொன்னாள். ஒரு கிணறு மட்டுமில்லை, குன்னத்துக் கிணறுகள் எல்லாமே அப்படித்தான் இறங்கியிருந்தன. லாரியை நிறுத்தினார்கள், தண்ணீர் இறங்குவது நின்றது. ஆனால் போன தண்ணீர் திரும்பவில்லை, மழையும் எட்டிப் பார்க்கவில்லை. நாட்டாமை இளையபெருமாள் மாரியம்மன் கோயில் முன்னால் ஊரைக் கூட்டித் தீர்ப்புச் சொன்னார். வற்றிய கிணற்றில் அடி ஊற்றைத் தோண்டி மொள்ளுவதற்கு எடை குறைந்த பெண்பிள்ளைகளை இறக்குவது அங்கே வழக்கம், ஆண்கள் இறங்கினால் மிதியில் ஊற்று மூடிக்கொள்ளும். இதுவரை வீட்டுக்கு வீடு முறை வைத்து இறங்கினார்கள். இனிமேல் தண்ணீர் திரும்பும் வரை லாரிக்காரன் மகள் மட்டும் இறங்கட்டும் என்றார். ஊர் தலையாட்டியது. தாகம் எடுத்த ஊருக்கு நியாயம் சீக்கிரம் புரிந்துவிடும்.

மலர்கொடி அய்யம்பெருமாளுக்கு ஒரே பெண், பூப்பெய்தி அதிக நாள் ஆகவில்லை. விடிந்து இறங்கினால் பொழுது சாயும்போதுதான் ஏறுவாள். காலெல்லாம் சேற்றுப்புண். பக்கச் சுவரில் கல் பெயர்ந்து ஒருநாள் தோளில் விழுந்தது. நாளைக்குத் தலையில் விழும் என்று அய்யம்பெருமாளுக்குத் தெரியும். சோறு இறங்கவில்லை அவருக்கு. "ஊத்து கண்ணுல தெரியுதுப்பா, அழாதீங்க" என்று அவள்தான் அவரைத் தேற்றினாள்.

சவரிமுத்துவிடமே ஏதாவது வழி கேட்கலாம் என்று அவர் லாரியை மறுபடி அரியலூருக்கு ஓட்டினார். அதற்கும் கொஞ்சம் தண்ணீர் குறைந்தது, ஊர் திட்டித் தீர்த்தது. பட்டறைக்குள் சரியாக நிறுத்துவதற்காக வண்டியைப் பின்னால் எடுத்தபோதுதான் சவரிமுத்து கூவினார். வாசலில் கிடந்த புகை, வண்டி பின்னால் வர வர, சுருண்டு குழாய்க்குள்ளேயே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. "அண்ணே, ரிவர்ஸ்ல போனா விட்டதெல்லாம் திரும்ப உறிஞ்சிக்குதுண்ணே!" இருவரும் அதிகம் யோசிக்கவில்லை. சாலையில் கிடக்கும் புகை மொத்தத்தையும் உறிஞ்சிக்கொண்டு குன்னம் வரை பின்னாலேயே போவது, கிணற்றடியில் நிறுத்தி மலர்கொடியை மேலே ஏற்றுவது, பிறகு தண்ணீரை விடுவது என்று முடிவாயிற்று. ஏற்றிய சரக்கு போய்ச் சேர்ந்த பிறகுதான் இறங்கும் என்பது லாரிக்காரர்களின் கணக்கு. வேறு மாதிரி நினைக்க அவர்களுக்கு வரவில்லை.

சவரிமுத்து பின்பலகையில் நின்று வா வா என்று கை காட்ட, லாரி அரியலூரிலிருந்து பின்னாலேயே வந்தது. போன இடமெல்லாம் சாலை வெளுத்துத் துலங்கியது. மாதக்கணக்கில் மறைந்திருந்த புளியமரங்கள் தெரிந்தன. வண்டிக்காரர்கள் லாந்தரை அணைத்துவிட்டுக் கும்பிட்டார்கள். அய்யம்பெருமாள் கழுத்தைத் திருப்பியபடியே சிரித்துக்கொண்டிருந்தார், அவர் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

தண்ணீர் லாரிக்காகக் காத்திருக்கவில்லை. புகை குழாய்க்குள் போன கணமே அது கிணற்றில் ஊறிக்கொண்டிருந்தது. முதல் ஊற்றுப் பீறியபோது மேலே கயிறு பிடித்திருந்த பெண்கள் குலவையிட்டார்கள். அந்தச் சத்தத்தில் கீழிருந்து வந்த சத்தம் கேட்கவில்லை. குனிந்து மொள்ளத் தோதாக மலர்கொடி இடுப்புக் கயிற்றை அவிழ்த்து வைத்திருந்தாள், எல்லாப் பெண்களும் அப்படித்தான் செய்வார்கள். நீச்சல் பழக அந்த ஊரில் தண்ணீர் என்றைக்கு இருந்தது? கயிற்றை இழுத்தபோது குடம் மட்டும்தான் வந்தது, அது நிறைந்திருந்தது.

லாரி வந்து நின்றபோது கிணறு தளும்பிக்கொண்டிருந்தது. இளையபெருமாள் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு நின்றார். மகளைக் குளிப்பாட்ட வேறு தண்ணீர் இல்லாததால் அந்தக் கிணற்றில் முதல் குடம் இறைத்தவள் மருதாயி. மறுநாள் ஊர் முழுக்க இறைத்தது. குடித்துத்தானே ஆகவேண்டும்.

அதற்குப் பிறகு அந்த லாரி புகை விடவே இல்லை, சவரிமுத்துவும் அதைத் தாம் சரிசெய்ததாக எங்கேயும் சொல்லிக்கொள்ளவில்லை. பின்னாளில் குன்னத்துக்கு வேறு லாரிகளும் பஸ்ஸும் வந்தன. எந்த வண்டியைப் பின்னால் எடுப்பதாக இருந்தாலும் முதலில் அய்யம்பெருமாளுக்குச் சொல்லி அனுப்புவார்கள். அவர் வந்து கிணறு கிணறாகக் குனிந்து, "மலரு, மேல வந்துடும்மா" என்று கூப்பிடுவார். அவர் கடைசிக் கிணற்றையும் முடித்து வரும் வரைக்கும் டிரைவர்கள் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். ஹாரன் அடித்தவர் யாருமில்லை.