படத்திலிருந்த வீடுகள்

ஜீப்பை விட்டு இறங்கியதும் ராதிகா பார்த்தது சரிவில் போட்டிருந்த சுண்ணாம்புக் கோடுகளைத்தான். கணினித் திரையில் பல மாதம் நகர்த்தி நகர்த்தி அவள் வரைந்தவை, செம்மண்ணில் அசல் அளவில் கிடந்தன. பெங்களூரில் கிளை வைத்திருக்கும் வெளிநாட்டு நிறுவனத்தில் கட்டட வடிவமைப்பாளராகச் சேர்ந்ததிலிருந்து துபாய்க்கும் தோகாவுக்கும் வரைந்திருக்கிறாள். எதையும் நேரில் பார்த்ததில்லை. கொல்லிமலையில் ஒரு சொகுசு விடுதி என்று வேலை வந்தபோது, அது என் மலை என்று மேலாளரிடம் அடம்பிடித்து வாங்கினாள். நிலம் அந்த மலையில் தேவனூர் நாடு என்னும் பகுதியிலுள்ள தரிசு என்று குறிப்பில் இருந்தது. அங்கே யாராவது குடியிருக்கிறார்களா என்று அவள் கேட்கவில்லை. ஓட்டுக்கூரையும் மிளகுக்கொடி ஏறிய மரங்களுமாகப் படம் அவ்வளவு அழகாக வந்தது. பெருமை தாங்காமல் அம்மாவின் போனுக்கு அனுப்பினாள். பதவி உயர்வும் அதனால்தான் கிடைத்தது.

கோடுகளுக்கு நடுவே ஆட்கள் நின்றிருந்தார்கள். வேலையாட்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் அம்மா மாதம்மாளும் அங்கே இருந்தாள், பட்டுச்சேலையில். பக்கத்தில் அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன் சின்னக்கண்ணு. அவர் கையில் ராதிகாவின் படம், கண்ணாடிச் சட்டம் போட்டு.

"இதுல எங்க ஊடு எது கண்ணு?" என்று கேட்டார்.

விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. நிலம் வாங்க வந்த தரகன் இந்தப் படத்தைக் காட்டித்தான் பேசியிருக்கிறான். நிலத்தை எழுதிக் கொடுத்தால் குடும்பத்துக்கு ஓர் ஓட்டுவீடு, வரைந்தவள் உங்கள் பெண்தான் என்றிருக்கிறான்.

"யாரும் நம்பல மொதல்ல. எம்மவ வரஞ்சதுதான்னு நாந்தான் சொன்னேன்" என்றாள் மாதம்மாள், முகம் மலர்ந்து. "அப்பறந்தான் எல்லாரும் ரேகை வெச்சாங்க."

கட்டுமானப் பொறியாளர் யுவராஜ் ராதிகாவைத் தனியே அழைத்து, இவர்களை அடுத்த வாரத்துக்குள் காலி செய்யச் சொல்லியிருக்கிறார்கள், மேடத்துக்குத் தெரியும் என்றல்லவா நினைத்தேன் என்றார். அங்கிருந்தே மேலாளரைக் கூப்பிட்டாள். அது நிலம் வாங்கியவர் பாடு, நம் வேலை வரைபடத்தோடு சரி என்று அவர் போனை வைத்துவிட்டார்.

திரும்பி வந்தாள். சின்னக்கண்ணு ஓடைப் பக்கத்து வீட்டின் மேல் விரலை வைத்தபடி காத்திருந்தார்.

"மாமா, இது வெளியூர்க்காரங்க வந்து தங்கற எடமுங்க. இதுல உங்களுக்கு ஊடு இல்லீங்க."

அவர் விரலை எடுக்கவில்லை. அவளை விட்டு மாதம்மாளைத் திரும்பிப் பார்த்தார். மாதம்மாள் தலைகுனிந்து சேலை முந்தானையை விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள்.

கீழே ஓடையோரம், சுண்ணாம்புக் கட்டம் ஒன்றுக்குள் கல் கூட்டி, சின்னக்கண்ணுவின் மனைவி பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். பேச்சு எதுவும் அவள் காதில் விழுந்திருக்காது. ராதிகாவைக் கண்டதும் கை காட்டிக் கூப்பிட்டாள்.

"செருப்பக் கழட்டிட்டு உள்ள வா சாமி."

பால் பொங்கி, பானையின் விளிம்பு தாண்டிக் கல்லில் வழிந்தது.