பெருநாள் கத்திகள்

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கியதும் சாணை பிடிப்பவன் எங்கள் தெருமுனைக்கு வந்துவிட்டான். ஃபெஸ் நகரத்தில் அந்த வாரம் எல்லா வீட்டுக் கத்திகளும் அவன் சக்கரத்துக்கு வரும். எங்கள் வீட்டுக் கத்திகள் மட்டும் வரவில்லை. துணியில் சுற்றி அலமாரியில் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தேன். மகள் வியாமின் கையை ஒருநாள் தற்செயலாகப் பார்த்ததிலிருந்து இப்படித்தான். அவளுக்குப் பதினைந்து வயது. தன்னைத் தானே கீறிக்கொண்டிருந்தாள். "வாப்பாகிட்ட சொன்னா உன்கூடப் பேசவே மாட்டேன் உம்மா" என்றாள். நான் சொல்லவில்லை. அவளும் பேசவில்லை.

பெருநாளன்று அலமாரியைத் திறக்காமல் முடியுமா? மொட்டை மாடியில் என் கணவர் இத்ரீஸ் ஆட்டை அறுத்து முடித்ததும், பிச்சைக்காரி போலக் கையை நீட்டி நின்று கத்திகளைத் திரும்ப வாங்கினேன். "ஓடியா போயிடும்?" என்று சிரித்தார். வீடு கொள்ளாத சனம். வந்தவர்கள் எல்லாரும் என்னைக் கட்டிக்கொண்டு வாழ்த்தினார்கள். அத்தனை பேரில் ஒருத்தியிடமாவது சொல்லி அழ முடியாதா என்று இருந்தது.

அடுப்படியில் நாத்தனார் பத்தூல் குடல் கழுவிக்கொண்டிருந்தாள். தன் கூடையிலிருந்து ஒரு கத்தியை எடுத்து வியாமிடம் நீட்டினாள். அவள் கத்தியைக் கொண்டுவருவாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"ஏ புள்ள, இந்த வெக்கையில முழுக்கைச் சட்டையா? கையைச் சுருட்டிக்கிட்டு ஈரலை நறுக்கு."

"குடுக்காதீங்க!" என்று கத்திவிட்டேன்.

எல்லாரும் திரும்பினார்கள். "என்னடி கிஸ்லான், பேயா புடிச்சிருச்சு?" என்றாள் பத்தூல்.

வியாம்தான் சிரித்தாள். "போன வாரம் கத்தியக் கீழ போட்டு டைல்ஸ உடைச்சிட்டேன் அத்தை. அந்தக் கோவம் உம்மாவுக்கு இன்னும் போகல."

"டைல்ஸுக்கா இந்தக் கூப்பாடு! கஞ்சப் புத்தி!"

அடுப்படியே சிரித்தது. எவ்வளவு சுலபமாகப் பொய் சொல்கிறாள், என்னைப் போலவே! கத்தியைப் பார்த்ததைவிட அதைக் கேட்டுத்தான் பயந்தேன்.

பத்தூலே ஈரலை நறுக்கிக் கொடுத்தாள். சுடுவதற்கான ஈரல் தட்டோடு மாடிக்குப் போன வியாமின் பின்னால் போனேன். பாதிப் படியில் நின்றாள்.

"சொல்லிடுவியோன்னு நெனச்சேன்."

"வாப்பாகிட்ட சொல்லட்டுமா?"

"ஈரல் எங்கம்மா? தணல் ஆறுது!" என்று மேலிருந்து இத்ரீஸ் கூப்பிட்டார். புகையில் இருமுவது கேட்டது. வியாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. தட்டின் மறுபக்கத்தை நான் பிடித்துக்கொண்டேன். அவளும் விடவில்லை. இருவரும் சேர்ந்தே மீதிப் படிகளை ஏறினோம்.