மிட்ஜெட்டின் அளவில் ஓர் ஊசி

புகைப் பரிசோதனை நிலையத்தில் மொரிஸ் மைனர் கார் மறுபடியும் இருமி நின்றுபோனது. புகைபோக்கிக்குள் செருகியிருந்த குழாயை உருவி எடுத்த மனிதர் தாரிகாவிடம் கடதாசியை நீட்டினார். "ஃபெயில், மிஸ்." பிறகு இரக்கப்பட்டவர்போல, "ஹொந்த மெக்கானிக் கெனெக்ட பென்னன்ன" என்றார். நல்ல மெக்கானிக்கிடம் காட்டட்டாம். மெக்கானிக்கிடம் காட்டித்தான் இப்படி ஆனது என்று சொல்ல, சிங்கள வசனம் முழுதாக மனதில் இருந்தது. வாய்தான் வரவில்லை. தலையாட்டிவிட்டுக் கடதாசியை வாங்கிக்கொண்டாள்.

கார், கனடா போன மாமா வெள்ளவத்தை ஃபிளாற்றின் கீழே விட்டுச்சென்றது. புகைச் சான்றிதழ் இல்லாவிட்டால் அதற்கு இந்த வருட லைசன் இல்லை. லைசன் இல்லாவிட்டால் இரத்மலானை வேலையும் இல்லை. பெயின்ற் தொழிற்சாலையொன்றின் ஆய்வுகூடத்தில் பின்னேர வேலை, இரவு பத்து மணிக்குத்தான் முடியும். "அந்த நேரம் பஸ்ஸில வாறதெண்டா அந்த வேலையே வேண்டாம். கார் எண்டா போ" என்று அம்மா முடிவாகச் சொல்லியிருந்தாள். திங்கட்கிழமை சேரவேண்டும். இரசாயனவியலில் பட்டம் எடுத்தபிறகு அவள் போன நேர்முகங்களில், நிலத்தைப் பார்க்காமல் பதில் சொன்னது இந்த ஒன்றில் மட்டுந்தான்.

காரை நேரே கொட்டாஞ்சேனைக்கு, பீற்றரின் கராஜுக்கு ஓட்டிப்போனாள். பெற்றோல் எவ்வளவு போகவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது காபரேற்றருக்குள் இருக்கும் ஒரு மெல்லிய ஊசி. பழையது தேய்ந்து கரும்புகை வந்ததால், பீற்றர் ஒரு மினி காரின் ஊசியைப் போட்டிருந்தார். கரும்புகை நின்றது. இருமல் வந்தது.

"சேர்ந்திச்சே தங்கச்சி," என்றார் பீற்றர். "மொரிஸ், ஒஸ்டின், மினி எல்லாம் ஒரே குடும்பம். அக்காட சட்டைய தங்கச்சி போடுறதில்லையா?"

"போடலாம் அங்கிள். பிடிச்சுத் தைச்சுத்தான் போடோணும்."

ஊசியின் அடியில் கண்ணுக்குத் தெரியாத அளவில் எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன. முதல்நாள் இரவே அதைக் கழற்றி, கைபேசியில் படம் பிடித்துப் பெருப்பித்துப் பார்த்திருந்தாள். எப்படியும் தப்பிவிடும் என்ற நப்பாசையில்தான் பரிசோதனைக்குப் போனாள். இந்த மைனருக்கு வேண்டியது ஏ.என். மினியினது வேறு, இம்மியளவு தடிப்பு. அதனால் எஞ்சினுக்குப் பெற்றோல் போதவில்லை. இங்கிலாந்திலிருந்து எடுப்பித்தால் ஒரு மாதம் போகும். எம்.ஜி. மிட்ஜெட் என்ற பழைய சின்னக் காரிலும் ஏ.என். ஊசிதான் என்று பழைய கார்க்காரர்கள் இணையத்தில் எழுதியிருந்ததைப் பீற்றரிடம் சொன்னாள்.

"மிட்ஜெட்டா? ஜம்பட்டா வீதியில பஸீஹா மேடத்திட்ட ஒண்டு நிக்குது. போகாதீங்க. என்னையச் செருப்பக் காட்டித் துரத்தினவங்க."

தாரிகா வழி முழுதும் ஒரு வசனத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள். கேற்றின் சின்னக் கதவு திறந்து, அறுபது வயதுப் பெண்ணொருவரின் முகம் தெரிந்ததும் அந்த வசனம் எங்கோ போய்விட்டது.

"எந்தச் சாமானுக்கு வந்தீக்கீங்க?"

"ஊசி."

"தைக்கவா?"

"இல்ல அன்ரி. காபரேற்றர் ஊசி."

பஸீஹா பெருமூச்சு விட்டார். "ஒருத்தன் லைட்டக் கேட்டான். ஒருத்தன் ஸ்டியரிங்கக் கேட்டான். எல்லாருக்கும் குடுத்தா எனக்கு மிச்சம் நம்பர் பிளேட்டுத்தான். நான் இத ஓட்டப்போறன் புள்ள. கழட்டி விக்கிறதுக்கு வெச்சில்ல."

"எனக்குத் தரவேண்டாம். அளந்திட்டு உடனே திருப்பிப் பூட்டிவிடுறன்."

"அளக்கவா?" பஸீஹா அவளை மேலும் கீழும் பார்த்தார். கேற் திறந்தது.

தார்ப்பாயின் கீழே சிவப்பு மிட்ஜெட் தூசியோடு தாழ்ந்து நின்றது. அதற்கு இரண்டு காபரேற்றர்கள். தாரிகா ஒன்றைத் திறந்து ஊசியை வெளியே எடுத்தாள். பொறிப்பு சரியாக இருந்தது. சிநேகிதி றேணுகா தான் படிப்பிக்கும் பள்ளிக்கூட ஆய்வுகூடத்திலிருந்து இரவல் தந்த திருகுக் கணிச்சியைப் பையிலிருந்து எடுத்தாள். மயிரின் தடிப்பைக்கூட அளக்கும் கருவி. நுனியிலிருந்து அடிவரை இடம் இடமாக மிட்ஜெட்டின் ஊசியை அளந்தாள். பிறகு மைனரிலிருந்து கழற்றிய மினியின் ஊசியை மெல்லிய எமரித் தேய்ப்புத் தாளுக்குள் வைத்து உருட்டத் தொடங்கினாள். கொஞ்சம் தேய்த்தாள், துடைத்தாள், அளந்தாள். ஊசி மெலிந்தால் ஏன் பெற்றோல் கூடப் போகும், நுனியில் ஒரு அளவும் நடுவில் இன்னொரு அளவும் ஏன் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனவள், இவ்வளவு நேரமும் தான்தான் கதைக்கிறாள் என்று கண்டு சட்டென்று நிறுத்தினாள்.

டோர்ச் பிடித்துக்கொண்டிருந்த பஸீஹா, "ஏன் நிப்பாட்டிட்டீங்க? சொல்லுங்க," என்றார். பிறகு, "கூடத் தேஞ்சா?"

"திரும்பத் தடிக்காது."

"அப்ப மெல்ல மெல்ல."

பின்னேரம் வெயில் மதிலுக்கு அப்பால் போனபோது இரண்டு ஊசிகளும் ஒரே அளவுக்கு வந்திருந்தன. தேய்த்ததை மைனரில் போட்டாள். மிட்ஜெட்டின் ஊசியைத் துடைத்து, இருந்த இடத்திலேயே பூட்டினாள். அந்தக் காபரேற்றருக்குள் இறுகிக் கிடந்த பிஸ்டனையும் எண்ணெய் விட்டு இளக்கினாள்.

"இனி இது ஓடுமா?"

"தெரியாது அன்ரி. டிஸ்ரிபியூற்றர் மூடி வெடிச்சிருக்கு. மைனரிட மூடி இதுக்கும் சேரும். கழட்டிக்கொண்டு வந்து போட்டுப் பாக்கலாம்."

"எப்ப?"

"சனிக்கிழமை." கேட்டவுடன் தன் வாயிலிருந்து ஒரு நாள் வந்தது தாரிகாவுக்கே புதிதாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை புகைப் பரிசோதனைக்குப் பஸீஹாவும் கூடவே வந்தார். "என்ட ஊசிட அளவில்லையா? நானும் பாக்கோணும்." கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு முன் ஆசனத்தில் இருந்தார். காலி வீதியின் நெரிசலில் நின்று நின்று வந்தும் கார் ஒரு தடவையும் இருமவில்லை. அதற்காகச் சந்தோஷப்பட தாரிகாவுக்குத் துணிவில்லை.

அதே மனிதர். "ஆயெத் ஆவாத?" திரும்பவும் வந்தாச்சா என்று சிரித்தபடி குழாயைச் செருகினார். கையை உயர்த்திக் காட்டியதும் தாரிகா காலை அழுத்தினாள். எஞ்சின் சத்தம் ஏறி, இருமாமல் அதே அளவில் நீடித்தது. டாஷ்போர்டில் ஒட்டியிருந்த பிளாஸ்ரிக் பிள்ளையார், வழக்கமாகத் தலையை உதறுகிறவர், இலேசாக மட்டும் அசைந்தார்.

அந்த மனிதர் திரைக்கு முன்னால் குனிந்தார். நிமிரவில்லை.

"என்னவாம்?" என்றார் பஸீஹா.

"இன்னும் ஒண்டும் சொல்லேல்ல."

"கேளுங்களே."

தாரிகா கண்ணாடியை முழுதாக இறக்கி, தலையை வெளியே நீட்டினாள். "கொஹொமத மாத்தயா?" எப்படி என்று அவள் கேட்டது எஞ்சின் சத்தத்துக்கு மேலால் கேட்டது. வரிசையில் பின்னால் நின்ற முச்சக்கரவண்டிக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். அந்த மனிதர் கொஞ்சம் பொறுங்கள் என்பதுபோல ஒரு விரலை உயர்த்தினார். அவருக்குப் பக்கத்தில் இருந்த இயந்திரத்திலிருந்து வெள்ளைக் கடதாசி கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரத் தொடங்கியது. அவளுடைய காலின் கீழே மைனர் சீராக ஓடிக்கொண்டிருந்தது.