டேப்பு போட்ட கோடு

நான்காவது டயரிலிருந்தும் காற்றை இறக்கிவிட்டு அவள் நிமிர்ந்தபோது, பின்னால் நாத்தனார் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அழுகையா கோபமா என்று கண்டுபிடிக்க முடியாத உறிஞ்சல். முப்பது வருடம் பள்ளி மைதானத்தில் விசிலோடு நின்ற பி.டி. டீச்சர். அழுவதற்கும் அதட்டுவதற்கும் அவரிடம் ஒரே குரல்தான்.

“நல்லா இருக்கிற டயர்ல எதுக்குக் காத்தை இறக்கறே?”

“காத்து கம்மியா இருந்தாத்தான் அண்ணி டயர் பாறையைப் பிடிக்கும்.”

“பின்னாடி என் தம்பி இருக்கான். ஞாபகம் வெச்சுக்க.”

மறந்தால்தானே! ஜீப்பின் பின் சீட்டுகளை மடக்கி, கணவரின் சவப்பெட்டியை வைத்து, மூன்று பெல்ட் போட்டு இறுக்கியிருந்தாள். பெட்டி நீளம் என்பதால் பின்கதவை மூட முடியவில்லை. வளர்ந்த மனுஷன். கடையில் வாங்கிய சட்டை எதுவும் அவருக்குக் கை எட்டியதில்லை, தனக்குத் தானே தைத்துக்கொள்வார். காலை ஆறரைக்கு ஆஸ்பத்திரியில் உயிர் போனது. இப்போது மணி பன்னிரண்டு.

மலைமேல் முப்பது வீடு. அங்கே அவள் நர்ஸ், அவர் தையற்காரர். கழுத்திலிருந்து இஞ்சு டேப் இறங்கியதே இல்லை என்பதால் ஊருக்கே அவர் ‘டேப்பு’. வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டிவிட்டு முப்பது வீடும் காத்திருக்கிறது. நடுவில் கிடப்பது இந்தப் பாறைச் சரிவு. இருநூறு அடி நீளம். அதில் வண்டி ஏறும் என்று சொன்னால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். அவள் ஆறு வருடமாக ஏற்றிக்கொண்டிருக்கிறாள்.

“டவுன்லயே இடம் சொல்லி வெச்சிருக்கேன்,” என்றார் நாத்தனார். “அரை மணியில முடிஞ்சிருக்கும். பிடிவாதம் பிடிச்சு இழுத்துட்டு வந்துட்டே. இப்ப நான் ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. வண்டி ஒரே ஒரு தடவை பின்னாடி உருண்டுச்சுன்னா, அப்படியே திருப்பு. டவுன்லதான் அடக்கம். சம்மதமா?”

அவள் கடைசி டயரைக் காலால் அழுத்திப் பார்த்தாள்.

“சம்மதம் அண்ணி. ஏறுங்க.”

“இவனுக்கு வண்டி கத்துக்கொடுக்கறேன்னு நீ குலுக்கின குலுக்கல்லதான் இவன் மண்டையில ரத்தம் கட்டிப் போச்சு,” என்று சொல்லிக்கொண்டே நாத்தனார் ஏறினார். சொல்லிவிட்டு அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. முகத்தை வெளியே திருப்பிக்கொண்டார். அவள் ஸ்டியரிங் முன்னால் ஏறி உட்கார்ந்தாள். ரத்தக்கொதிப்பு டேப்புவுக்குப் பன்னிரண்டு வருடமாக உண்டு. மாத்திரை கொடுத்தவளுக்குத் தெரியாதா?

வண்டி கற்றுக்கொடுக்கச் சொல்லி டேப்பு தானாகத்தான் கேட்டார். போன வருடம் அவளுக்கு வயிற்றில் ஒரு வலி வந்தது, உயிர் போகிற வலி. வண்டி வாசலில் நிற்கிறது, ஓட்டத் தெரிந்தவள் தரையில் புரள்கிறாள். எட்டுப் பேர் கட்டிலோடு தூக்கி, சுற்றுப்பாதையில் ஐந்து மணி நேரம் நடந்து இறக்கினார்கள். இரண்டு முறை கட்டில் கைநழுவியது. டேப்பு கட்டிலைப் பிடித்துக்கொண்டே கூட நடந்து வந்தார். ஆபரேஷன் முடிந்து அவள் கண் விழித்ததும் அவருடைய முதல் பேச்சே அதுதான்.

“எனக்கு வண்டி கத்துக்குடு.”

“இந்த வயசுலயா?”

“ஐம்பத்தொன்பது ஒரு வயசா?”

கற்றுக்கொடுத்தாள். ஐயோ, அந்தக் கூத்தை என்ன சொல்ல! பாறை ஏறுவதில் வித்தையே கால்களைச் சும்மா வைப்பதுதான். குட்டி லிவரை இழுத்து நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுத்து, முதல் கியரில் விட்டுக் காலை எடுத்துவிட்டால், வண்டி ஆமை மாதிரி தானே ஏறும். பயந்துபோய் கிளட்சை மிதித்தால் தீர்ந்தது. சக்கரத்தை இஞ்சின் கைவிட்டுவிடும், வண்டி உருளும். டேப்புவோ நாற்பது வருடம் தையல் மெஷினை இரண்டு காலாலும் சேர்த்து மிதித்தவர். பயம் வந்தால் இரண்டும் ஒன்றாகக் கீழே போகும். இஞ்சின் ஓவென்று கத்தும், வண்டி பின்னால் ஓடும்.

“காலைச் சும்மா வைங்க!”

“நாப்பது வருஷமா சோறு போட்ட காலு. சும்மா இருன்னா இருக்குமா?”

தினம் இதே பாட்டு. ஒரு நாள் பின் பம்பர் போனது, இன்னொரு நாள் விளக்கு. ஊர் முழுக்கச் சிரித்தது. அவர் விடவில்லை. அப்புறம் இடது முட்டியில் வலி என்றார். மெஷின் சத்தம்கூட நொண்டி நொண்டித்தான் கேட்டது. அவள் தைலம் கொடுத்தாள். நல்லபிள்ளையாக வாங்கி வைத்துக்கொண்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை பெரிய சண்டை. சரிவின் உச்சியில் மூன்று பல் போல நிற்கும் பாறைகளை அவள் எப்போதும் வலப்பக்கமாகத்தான் ஏறுவாள். டேப்பு இஞ்சு டேப்பை விரித்து ஜீப்பின் இரண்டு சக்கரத்துக்கும் இடையே அளந்தார். பாறைகளுக்கு நடுவே அளந்தார். பிறகு பையிலிருந்து நீலச் சாக்கட்டியை எடுத்து, துணியில் வெட்டுக்கோடு போடுவதுபோல இடப்பக்கப் பாறையில் விட்டு விட்டு ஒரு கோடு போட்டார்.

“இந்த வழியா போனா குலுங்கவே குலுங்காது.”

“இந்த வழியா போனா வண்டி சாயும். விளையாடாதீங்க.”

“மூணு வாட்டி அளந்துட்டுத்தான் சொல்றேன்.”

“துணி கிழிஞ்சா வேற துணி வாங்கலாம். முதுகெலும்பு உடைஞ்சா?”

டேப்பு சாக்கட்டியைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

ஜீப் உறுமியது. முதல் கியர். அவள் இரண்டு கால்களையும் எடுத்துத் தரையில் ஊன்றினாள். வண்டி மெல்ல மூக்கைத் தூக்கி ஏறத் தொடங்கியது. நாத்தனார் மேல்கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். பெட்டி ஒருமுறை முனகியது. பெல்ட் பிடித்துக்கொண்டது.

மூன்று பல் பாறைக்கு முன்னால் அவள் பிரேக்கில் நின்றாள். வலப்பக்க வழியில் படிபோல இருந்த கல் இல்லை. அந்த இடத்தில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு பொக்கை.

“என்னாச்சு? ஏன் நிக்கறே?”

“வழி போயிடுச்சு அண்ணி.”

“எப்படிப் போகும்?”

“நான்தான் போக்கினேன்.”

அதை யாரிடமும் சொல்வதாக அவள் நினைத்திருக்கவில்லை. வாயிலிருந்து தானாக வந்தது. “முந்தாநாள் இவரைப் பின்னாடி படுக்க வெச்சு இறக்கினேன்ல? பேச்சு குழறிக்கிட்டே இருந்துச்சு. திரும்பிப் பாத்தா வாய் ஒரு பக்கம் இழுத்துக்கிட்டு இருக்கு. எனக்குத் தலைகால் புரியல. இங்க வந்ததும் கிளட்சை மிதிச்சிட்டேன் அண்ணி. ஊருக்கே பாடம் சொன்னவ நான், மிதிச்சிட்டேன். வண்டி பிச்சுக்கிட்டு இறங்கிச்சு. பின்சக்கரம் பட்டு அந்தக் கல்லு பேர்ந்து உருண்டுச்சு. அப்ப பின்னாடியிருந்து இவர் சொல்றார், ‘காலை எடு.’ அவ்வளவு குழறல்லயும் அது மட்டும் தெளிவா வந்துச்சு. எடுத்தேன். வண்டி பிடிச்சுக்கிச்சு.”

“அப்புறம்?”

“சிரிச்சார். பாதி வாயாலதான். அதுக்கப்புறம் பேசல.”

நாத்தனார் மூக்கை உறிஞ்சினார். இந்த முறை அது எது என்பதில் சந்தேகமில்லை.

இடப்பக்கப் பாறையில் நீலக்கோடு வெயிலில் தெரிந்தது. மழை பெய்யாததால் அழியாமல் இருந்தது. அவள் ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தாள்.

“அதுல எதுக்குப் போறே? அது என்ன கோடு?”

“உங்க தம்பி போட்டது.”

“அவன் ஜாக்கெட்டுக்குக் கோடு போடறவன்டி!”

“ஆமா. அவர் தைச்ச உங்க ஜாக்கெட்டு ஏதாவது ஒண்ணு அளவு தப்பியிருக்கா?”

நாத்தனார் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

முன்சக்கரம் கோட்டில் ஏறியது. வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. சாய்ந்து, சாய்ந்து, இதற்குமேல் தாங்காது என்று அவள் நினைத்த இடத்தில் நின்றுகொண்டது, கனகச்சிதமாக. அந்த நேரம் இஞ்சின் இரண்டு முறை இருமி அணைந்தது.

“உருளுது! உருளுது!”

“உருளல அண்ணி. கத்தாதீங்க.”

வலது கால் பிரேக்கில் இருந்தது. இடது கால் துடித்தது. கிளட்சை மிதி, மிதி என்றது. அவள் அதை இருக்கைக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். கியர் அப்படியே இருந்தது. சாவியை மட்டும் திருப்பினாள். கிளட்ச் இல்லாமல் சாவி திருப்பினால் ஸ்டார்ட்டர் மோட்டாரே வண்டியை ஒரு சாண் முன்னால் தள்ளும். அந்த ஒரு சாணில் இஞ்சின் பிடித்துக்கொள்ள வேண்டும். வண்டி விக்கியது. இன்னொரு முறை விக்கியது. பிடித்துக்கொண்டது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள்.

இரண்டாவது பாறையின் முதுகில் முன்சக்கரம் ஏறும்போதுதான் அதைப் பார்த்தாள். நீலக்கோட்டின் மேலேயே, உள்ளங்கை அகலத்துக்கு, கறுப்பாக டயர் தேய்ந்த தடம். அதற்கு அடுத்த பாறையிலும் இருந்தது. அதற்கு மேலேயும். இந்த மலையில் ஜீப் ஒன்றுதான்.

செவ்வாய்க்கிழமையாகத்தான் இருக்கும். தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் அடுத்த குன்றுக்கு நடந்துபோன நாள். வண்டி வீட்டில் இருந்தது. திரும்பி வந்தபோது டேப்பு சட்டையெல்லாம் வியர்வையாக உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஒன்றுமில்லை என்றார்.

“அண்ணி.”

“என்ன?”

“இவர் ஏறியிருக்கார். தனியா. ஒரு தடவைகூட உருளாம ஏறியிருக்கார். தடத்தைப் பாருங்க, ஒரே சீரா இருக்கு.”

நாத்தனார் கண்ணைத் திறந்து, கம்பியை விடாமல் எட்டிப் பார்த்தார்.

“சொல்லவே இல்லையா உன்கிட்ட?”

“திட்டுவேன்ல.”

அவளுக்குக் கண் மறைத்தது. ஆனாலும் நெஞ்சு பூரித்துப் போயிருந்தது. இப்படி ஒரு நேரத்தில் இப்படி ஒரு பூரிப்பு வரலாமா என்று கூச்சமாகவும் இருந்தது. வந்தால் என்ன செய்ய? என் புருஷன் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. பின்சக்கரமும் மூன்றாவது பாறையைத் தாண்டி மண்ணில் இறங்கியது. பெட்டி குலுங்கவே இல்லை.

மேலே முப்பது வீடும் நின்றிருந்தது. வலப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் வண்டி இடப்பக்கத்திலிருந்து தலைகாட்டியதும் திகைத்துப்போனார்கள்.

“நர்ஸம்மா, அந்தப் பக்கம் வழியே கிடையாதே!” என்றார் குழி தோண்டிய மண்வெட்டிக்காரர்.

அவள் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் குதித்து இறங்கிவிட்டார். மைதானத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கும் குரல்.

“இருக்கு! என் தம்பி அளந்து போட்ட வழி! வண்டியில ஏத்தியும் காட்டியிருக்கான். நடுவுல இஞ்சின் நின்னுச்சு, ஒரு விரக்கடை உருளல. சந்தேகம் இருந்தா போய்ப் பாருங்க, தடம் இருக்கு!”

சொல்லி முடித்துவிட்டுப் பெட்டியின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதார். இரண்டு பேர் உண்மையிலேயே பாறைப் பக்கம் போய்க் குனிந்து பார்த்துவிட்டு வந்தார்கள். டேப்புவைப் பார்த்துச் சிரித்தவர்கள்தான். வந்ததும் பெட்டிக்குத் தோள் கொடுக்க முன்னால் நின்றார்கள்.

மூன்று மணிக்கெல்லாம் அடக்கம் முடிந்தது. கூட்டம் வாசலில் உட்கார்ந்திருந்தது. நாத்தனார் யாருக்கோ நாலாவது முறையாகப் பாறைக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது அதில் சாய்வு இன்னும் கொஞ்சம் கூடியிருந்தது.

அவள் கை கழுவிவிட்டு முன்னறைக்குள் வந்தாள். மெஷினில் பாதி தைத்த பள்ளிச்சட்டை ஊசியோடு நின்றது. தைப்பவர் இல்லாத நேரத்தில் அவள் அந்தப் பக்கம் போவதில்லை. நூலெல்லாம் கலையும் என்று டேப்பு சத்தம் போடுவார். ஸ்டூலில் உட்கார்ந்து ட்ராயரை இழுத்தாள். பாபின்களுக்கு நடுவே முட்டித் தைலம், அவள் கொடுத்தது, மூடி திறக்காமல் இருந்தது.

குனிந்து பார்த்தாள். மெஷின் மிதிக்கு இடப்பக்கம் தட்டையாக ஒரு பாறைத்துண்டு கிடந்தது. அசையாமல் இருக்கத் துணிப்பட்டையால் மெஷின் காலோடு கட்டியிருந்தார். கல்லின் நடுவில் குதிகால் அளவுக்கு ஓரிடம் வழவழவென்று தேய்ந்திருந்தது.

“நர்ஸு, உள்ள என்ன பண்றே?” என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

“இதோ வரேன் அண்ணி.”

இடது காலைக் கல்லின் மேல் சும்மா வைத்தாள். வலது காலால் மட்டும் மிதியை அழுத்தினாள். மெஷின் நொண்டி நொண்டி ஓடி, சட்டையில் நாலு தையல் விழுந்தது.