பந்தயத்தில் வைத்த நத்தார்

1

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் வருகிற றேமன்ட் என் புருஷன். பெயரை மாற்றிப் பார்த்தேன். மாற்றினால் எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வராமல் எழுதவும் வரவில்லை.

கதை போன கிழமை ஒரு குரல்செய்தியாக என் போனுக்கு வந்தது. அனுப்பியவள் எலேனா, டொமினிக்கன் நாட்டுக்காரி. இங்கே சுவிஸில், இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் குசினியில் றேமன்டுக்குப் பக்கத்தில் நின்று கேக் செய்கிறவள். "மக்டலின், நீ சம்மதித்ததற்கு நன்றி. யார் வென்றாலும் என்னோடு கோபிக்காதே" என்று ஜெர்மனில் சொல்லியிருந்தாள்.

நான் எதற்கும் சம்மதிக்கவில்லை. என்னிடம் ஒருவரும் கேட்கவேயில்லை. அதைக் காட்டிக்கொள்ளாமல் அவளுக்குப் போன் எடுத்து, விஷயம் முழுவதையும் கறந்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: மலையடிவாரத்து ஹோட்டலின் மேல் பனி மெல்ல

(வேண்டாம். இங்கே வருஷாவருஷம் பனி விழுகிறது. பந்தயத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமுமில்லை.)

இரண்டாம் தொடக்கம்: றேமன்ட் நல்லவன், ஆனால்

(இதை முடிக்க என்னால் முடியவில்லை. அப்படியே கிடக்கட்டும். கதைக்குள் அவரை 'அவன்' என்று எழுதலாம், வீட்டில் முடியாது. எழுதுவதில் எனக்குள்ள ஒரே சந்தோஷம் அதுதான்.)

3

மத்தியான வேலைக்கும் பின்னேர வேலைக்கும் நடுவில் குசினிக்காரருக்கு இரண்டு மூன்று மணித்தியாலம் ஓய்வு. எலேனா அந்த நேரத்தில் தன் போனில் அமெரிக்க பேஸ்போல் பார்ப்பாள். றேமன்டும் பக்கத்தில் குந்திக்கொள்வான். மன்னாரில் கோயில் அணிக்காகக் கிரிக்கெட்டில் பந்து போட்டவன் அவன். பந்தை எறிகிறவனைப் பற்றி அவனுக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது.

ஒக்டோபரில் ஒரு நாள், இறுதிச்சுற்று ஆட்டமொன்றில் ஒரு தாடிக்காரன் எறிந்த பந்துகளை ஒருவராலும் தொட முடியவில்லை. றேமன்ட் துள்ளி எழும்பினான். இந்த வருஷம் சிறந்த பந்தெறிகாரன் விருது இவனுக்குத்தான் என்றான். எலேனா சிரித்தாள். வேறோர் அணியின் ஒல்லியான இடதுகைக்காரன் ஒருவனுக்குத்தான் கிடைக்கும் என்றாள். அவள் சிரித்ததுதான் வினை.

றேமன்டிடம் பந்தயம் வைக்கப் பெறுமதியாக ஒன்றே ஒன்றுதான் இருந்தது: நத்தார் லீவு, கிறிஸ்து பிறப்புக்கு வீட்டுக்கு வருகிற லீவு. அந்தக் குசினியில் அது ஒருவருக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு தரம்தான் வரும். இந்த வருஷம் அவன் முறை. தாடிக்காரன் வென்றால் உயிர்த்த ஞாயிறு வேலையையும் றேமன்டுக்குப் பதிலாக எலேனா செய்வாள். இடதுகைக்காரன் வென்றால் நத்தார் லீவு எலேனாவுக்கு. மனைவியிடம் கேட்டாயா என்று எலேனா கேட்டாளாம். கேட்டாயிற்று, அவளுக்குச் சம்மதம் என்றானாம்.

(அதே நாட்களில் பாடனில், அவன் லீவுக்கு மட்டும் வருகிற வீட்டில், அந்த மனைவி, நத்தார்ப் பூசையில் தனியாகப் பாடப்போகும் மகள் அஞ்சலினிடம், இந்த முறை அப்பா முன்வரிசையில் இருப்பார் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.)

4

இனி வருவதுதான் என்னைக் கொல்கிறது.

அந்த விருதைக் கொடுப்பது ஓட்டு. விளையாட்டைப் பற்றி எழுதுகிற பத்திரிகைக்காரர்கள் போடுகிற ஓட்டு. அதையும் இறுதிச்சுற்று தொடங்க முன்னரே போட்டு முடித்துவிடுவார்களாம். றேமன்ட் துள்ளிய அந்த ஆட்டம் கணக்கிலேயே இல்லை. எலேனா நேர்மையானவள். அடுத்த நாளே இதைச் சொல்லி, பந்தயத்தை விட்டுவிடுவோம் என்றிருக்கிறாள். சொன்னது சொன்னதுதான் என்றுவிட்டு அவன் வெங்காயம் வெட்டப் போய்விட்டானாம்.

ஏன்? என் பாத்திரம் எனக்குப் பிடிபடாமல் போவது இந்த இடத்தில்தான்.

முதலாம் றேமன்ட் வீம்புக்காரன். அவனை எனக்குப் பதினேழு வருஷமாகத் தெரியும். இரண்டாம் றேமன்டுக்கு, எலேனாவின் ஆறு வயது மகன் ஊரில், சாந்தோ டொமிங்கோவில் இரண்டு வருஷமாகத் தாயைக் காணாமல் இருப்பது தெரியும். லீவைச் சும்மா தூக்கிக் கொடுத்தால் குசினியே நக்கலடிக்கும் என்று, தோற்கிற பந்தயத்தைத் தெரிந்தே கையில் வைத்திருக்கிறான். மூன்றாம் றேமன்டுக்கு வீட்டுக்கு வர விருப்பமில்லை.

மூன்றாமவனை இரண்டு தரம் வெட்டினேன். திரும்பவும் வந்து நிற்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது.

5

இன்று விடிய எழும்பிப் பல்லுத் தீட்டாமலே போனைப் பார்த்தேன். விருது இடதுகைக்காரனுக்கு. றேமன்ட் தோற்றுவிட்டார்.

இப்போது இரண்டு இருபது. ஒவ்வொரு நாளும் ஓய்வு நேரத்தில், இரண்டரைக்கு அவர் எனக்குப் போன் எடுப்பார்.

அவர் உண்மையைச் சொல்கிற முடிவு ஒன்றை எழுதிப் பார்த்தேன். நன்றாக அழுதேன். மேலாளர் லீவை வெட்டிவிட்டார் என்று பொய் சொல்கிற முடிவையும் எழுதினேன். அது இன்னும் நன்றாக வந்தது, அதனால் கிழித்துவிட்டேன்.

எனக்கு எல்லாம் தெரியும் என்று நான் முந்திக்கொள்ளலாம். அப்படிச் செய்தால், அவர் தானாகச் சொல்லியிருப்பாரா என்பது சாகும்வரை எனக்குத் தெரியவராது. வாயை மூடிக்கொண்டிருந்தால் பொய்யைக் கேட்க வேண்டி வரலாம். கேட்டபிறகு அந்த மனுஷனுக்கு நான் எப்படிச் சோறு போடுவது? நத்தார் போனால் போகட்டும், அஞ்சலினை நான் சமாளிப்பேன். இதைச் சமாளிக்க மாட்டேன். நீங்கள் என்றால் என்ன செய்

6

போன் அடிக்கிறது.

நாலாவது மணியில் எடுத்து, சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்திருக்கிறேன். பேனா கையில்தான் இருக்கிறது.

"மக்டலின், சாப்பிட்டியோ?"

"ஓம்."

"பிள்ளை?"

"பள்ளிக்கூடம். நாலு மணிக்கு வருவாள்."

அங்கே யாரோ தட்டுக்களை அடுக்குகிற சத்தம். இவர் கதவைச் சாத்துகிறார்.

"இஞ்சரப்பா, நத்தாரைப் பற்றி ஒண்டு கதைக்கோணும்."

இதுவரைக்கும் மூன்று றேமன்டும் ஒரே மாதிரித்தான் கதைப்பார்கள்.

"சொல்லுங்கோ," என்கிறேன்.

தொண்டையைச் செருமுகிறார். மிச்சத்தை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எழுதிக்கொண்டிருந்தால் மற்றவர் சொல்வதில் பாதிதான் காதில் ஏறும். எனக்கு இதை ஒரு சொல் விடாமல் கேட்க வேண்டும். பேனாவை வைக்கிறேன்.